ஒரு பழங்கித்தாரின் பிறப்பிடம்

பேராக் மாநிலத்தின் தென்வாயிலாக விளங்குவது தஞ்சோங் மாலிம். பெர்னாம் ஆற்றைக் கடந்தால் சிலாங்கூர் மாநிலம் தொடங்கிவிடும். 1922ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் இங்கே திறக்கப்பெற்ற சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி, மலாய் மொழிக்கும் மலாய்த் தேசிய உணர்வுக்கும் தொட்டிலாயிற்று என்பது நாடறிந்த செய்தி. அக்கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. தமிழாசிரியராக விரும்பும் நம் மாணவரும் இன்று அங்கே பயின்று பட்டம் பெறுகின்றனர். ஊரின் ஒரு முகம் இது.

மற்றொரு முகமும் உண்டு. ஊரைச் சுற்றி ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் அடர்ந்திருந்தன. விடியுமுன் பிரட்டுக் களத்தில் கூடி, பால்வெட்டுக்குப் புறப்பட்ட தமிழ்ப் பாட்டாளிகள் அத்தோட்டங்களின் லயன்களில் தலைமுறைகளாக வாழ்ந்தனர். பின்னர்ச் சில தோட்டங்கள் துண்டாடப்பட்டன. சிலவற்றில் இரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சில நிலங்களில் வீடுகளும் தொழிற்சாலைகளும் எழுந்தன. 2003இல் புரோட்டோன் மகிழுந்துத் தொழிற்சாலை இவ்வட்டாரத்தில் இயங்கத் தொடங்கியபின் ஊரின் தோற்றமே மாறிவிட்டது.

கல்லூரியின் வரலாற்றை எழுத ஏடுகள் இருக்கின்றன. தோட்டத்தில் வாழ்ந்தவர்களின் வரலாற்றை எழுத என்ன இருக்கிறது? செக்ரோலில் அவர்களுடைய பெயர் உண்டு. வேலை செய்த நாள் உண்டு. பிடித்தம் செய்த தொகை உண்டு. மாலை வேளையில் லயன் வாசலில் அமர்ந்து அவர்கள் என்ன பாடினர், எந்தக் கருவியை மீட்டினர் என்பது எந்தக் கணக்கேட்டிலும் இல்லை. அதற்குச் சான்று தேடுவோர் அவர்கள் விட்டுச் சென்ற பொருள்களைத்தான் கேட்கவேண்டும். பொருளுக்கும் பேசத் தெரியும். கேட்கும் முறை நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அத்தகைய ஒரு பொருளைக் கேட்டறிந்த கதையே இக்கட்டுரை.

துரை விட்டுச் சென்ற கித்தார்

தஞ்சோங் மாலிமில் வாழும் ஆசிரிய நண்பர் ஒருவர், தம் தந்தையார் மறைந்து சில ஆண்டுகளுக்குப் பின், வீட்டுப் பரணிலிருந்து ஒரு பழைய கித்தாரை எடுத்து என்னிடம் காட்டினார். ஆறு முறுக்காணிகளில் ஒன்று முறிந்திருந்தது. இரண்டு கம்பிகள் மட்டும் துருவேறித் தொங்கின. உள்ளே ஒட்டப்பட்டிருந்த தாள் பெரும்பாலும் கரையானுக்கு இரையாகியிருந்தது.

“இது வெள்ளைக்காரத் துரையின் கித்தார். மெர்டேக்காவுக்கு முன் அவர் சீமைக்குத் திரும்பியபோது, என் தந்தையாரின் உழைப்பை மெச்சி இதைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போனாராம்” என்றார் நண்பர். சிறுவயது முதல் அவர் கேட்டு வளர்ந்த கதை அது. ஸ்பெயினில் செய்யப்பட்டதாக இருக்கலாம் என்றும், விற்றால் பல்லாயிரம் வெள்ளி பெறும் என்றும் உறவினர் சிலர் கூறியிருந்தனர். நண்பருக்கோ அதை விற்கும் எண்ணம் இல்லை. அதற்குப் புதுக் கம்பி பூட்டி, தம் மகனின் திருமணத்தன்று ஒலிக்கச் செய்யவேண்டும் என்பதே அவர் விருப்பம். பட்டணத்துக் கடையில் வாங்கிய எஃகுக் கம்பிக் கட்டு ஒன்றும் அவர் கையில் ஆயத்தமாக இருந்தது.

நான் அவரைச் சற்றுப் பொறுக்கச் சொன்னேன். கருவி எத்தகையது என்று அறியாமல் கம்பி பூட்டுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து கொடுப்பதற்கு ஒப்பாகும்.

நம் முன்னோர் காட்டிய நெறி

இசைக்கருவி ஒன்றை உறுப்பு உறுப்பாக நோக்கி அறியும் முறை தமிழருக்குப் புதியதன்று. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படையின் தொடக்கப் பகுதி, யாழின் பத்தரையும் போர்வையையும் ஆணியையும் கோட்டையும் திவவையும் நரம்பையும் ஒவ்வொன்றாக எடுத்து விளக்குகின்றது. யாழ் வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்தபின்னும் அக்கருவியின் உருவத்தை நாம் மனக்கண்ணாற் காண முடிகிறதென்றால், அதற்கு இத்தகைய வருணனைகளே காரணம்.

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணி இன்னும் ஒருபடி மேலே செல்கின்றது. காந்தருவதத்தையை இசையால் வெல்ல வந்த சீவகன், தன்முன் கொணரப்பட்ட யாழ்களை வாங்கியவுடன் மீட்டிவிடவில்லை, முதலில் ஆராய்கின்றான். மரம் நீரில் நின்றது, தீயிற் பட்டது, இடியுண்டது என்பன போன்ற குற்றங்களைக் கண்டு விலக்குகின்றான். நரம்பின் முறுக்கினுள் மயிர் கலந்திருப்பதையும் பிரித்துக் காட்டுகின்றான். கருவியின் பிறப்பையும் வளர்ப்பையும் அதன் உடலே சொல்லும் என்பது அக்காப்பியம் நமக்கு உணர்த்தும் செய்தி.

அந்நெறியை நம் காலத்தில் பெருமுயற்சியாகச் செய்து காட்டியவர் விபுலாநந்த அடிகள். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு, மறைந்துபோன யாழ்களின் அமைப்பையும் சுரநிலைகளையும் கணக்கிட்டு அவர் இயற்றிய ‘யாழ் நூல்’, 1947ஆம் ஆண்டு திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஒரு கருவி அழிந்தால் அதனோடு ஓர் இசையுலகமே அழிகிறது என்பதை அடிகள் அறிந்திருந்தார். லயன் வாசலில் ஒலித்த ஓர் எளிய கித்தாருக்கு யாழின் பெருமை இல்லை; ஆயினும் அதனை ஆராயும் நெறி ஒன்றே.

கித்தார் வந்த வழி

கருவியைப் படிக்குமுன் அதன் குலவரலாற்றைச் சுருக்கமாக அறிதல் நன்று. இன்று நாம் காணும் கித்தாருக்கு நிலையான உருவம் தந்தவர் ஸ்பெயின் நாட்டின் அந்தோனியோ தெ தோரெஸ். 1817 முதல் 1892 வரை வாழ்ந்த அவர், உடலைப் பெரிதாக்கி, முகப்புப் பலகையின் உட்புறத்தில் விசிறி விரித்தாற்போல மெல்லிய சட்டங்களை ஒட்டினார். அதிர்வு நீளத்தை 650 மில்லிமீட்டர் அளவில் அமைத்தார். விலங்கின் குடலால் செய்த நரம்பே அக்காலத்தில் பூட்டப்பட்டது.

இஃது ஒரு கிளை. ஜெர்மன் நாட்டில் 1796இல் பிறந்து, 1833இல் அமெரிக்கா சென்று குடியேறிய மார்ட்டின் என்பவரின் குடும்பத்தார் வளர்த்தது மற்றொரு கிளை. முகப்பின் உட்புறத்தில் பெருக்கல் குறி போலச் சட்டங்கள் குறுக்கிடும் அமைப்பு அவர்கள் பட்டறையில் சிறந்து விளங்கியது. 1920களில் எஃகுக் கம்பிகள் பெருகியபோது, அவற்றின் இழுவிசையைத் தாங்க அவ்வமைப்பே கைகொடுத்தது. ஆகவே, உலகில் இருவகைக் கித்தார்கள் நிலைபெற்றன. ஒன்று நரம்புக் கித்தார். மற்றொன்று கம்பிக் கித்தார். வெளித்தோற்றத்தில் உடன்பிறப்புகள் போலக் காணப்படினும் தாங்கும் ஆற்றலில் இரண்டும் வேறு வேறானவை.

மலாய் மண்ணுக்குக் கித்தார் இனத்துக் கருவிகள் போர்த்துக்கீசியருடன் வந்தன. 1511இல் மலாக்கா அவர்கள் வசமானபின் ஊன்றிய அவ்விசை மரபின் சாயலை மலாக்காப் போர்த்துக்கீசிய மக்களின் ஆடல்பாடலில் இன்றும் காணலாம். இந்தோனீசியத் தீவுகளில் வளர்ந்த கெரொஞ்சோங் இசையும் அவ்வழி வந்ததே. எனினும் கித்தார் வீட்டுக்கு வீடு புகுந்தது 1960களில்தான். அப்பொழுது நாடெங்கும் இளைஞர்கள் மின்கித்தார்க் குழுக்களை அமைத்தனர். அவற்றுக்குக் ‘கூகிரான்’ என்ற பெயர் வழங்கிற்று. துள்ளிசைக் கித்தார்க் குழு என்னும் பொருளுடைய மலாய்த் தொடரின் சுருக்கம் அது.

இவ்வலையில் தமிழ் இளைஞரும் கலந்தனர். பினாங்கில் தோன்றிய அலிகேட்ஸ் குழுவின் டேவிட் ஆறுமுகமும் அவர் உடன்பிறந்த லோகநாதன் ஆறுமுகமும் மலாய்ப் பாடல்களால் இனபேதமின்றி மக்கள் மனத்தில் இடம்பெற்றனர். மறுபுறம், 1976இல் ‘அன்னக்கிளி’ வழி அறிமுகமான இளையராஜா, தாமே கித்தார் பயின்றவராதலால், தமிழ்த் திரையிசையில் அக்கருவிக்கு உயர்ந்த இடம் தந்தார். வானொலி வழியே அப்பாடல்கள் தோட்டங்களை எட்டின. திருமண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் இசைக்குழு வைப்பது வழக்கமாயிற்று. இசைக்குழுவில் சேர விரும்பிய இளைஞனுக்கு முதலில் வேண்டியது மலிவான ஒரு கித்தார்.

உடலே ஏடு

நண்பரின் கித்தாரை மேசைமேல் கிடத்தி ஒவ்வோர் உறுப்பாக நோக்கினோம்.

முதற்கண், ஒலித்துளையின் ஓரத்தைக் கைவிளக்கின் ஒளியில் கண்டோம். திண்ணிய ஒரே பலகையாயின், முகப்பில் ஓடும் மரவரிகள் விளிம்பில் கீழ்நோக்கி இறங்கித் தொடர்ந்து செல்லும். இங்கோ விளிம்பில் மூன்று மெல்லிய அடுக்குகள் தெரிந்தன. ஆகவே, இஃது ஒட்டுப்பலகையால் செய்த கருவி. விலையுயர்ந்த ஸ்பானியக் கைவேலையில் முகப்பை ஒட்டுப்பலகையால் அமைக்கமாட்டார்கள். முதல் ஐயம் இங்கே எழுந்தது.

அடுத்து, முறுக்காணிப் பட்டையைப் பிணைத்திருந்த திருகாணிகளைப் பார்த்தோம். அவற்றின் தலையில் ஒற்றைக் கோட்டுக்குப் பதிலாகக் கூட்டல் குறி வெட்டப்பட்டிருந்தது. அவ்வகைத் திருகாணிக்கு அமெரிக்காவில் பிலிப்ஸ் என்பவர் காப்புரிமை பெற்றது 1936இல். எனவே கருவி அதற்கு முற்பட்டதாக இருக்க இயலாது. ஆயினும் பழைய கருவிக்குப் பிற்காலத்தில் புதுத் திருகாணி பூட்டியிருக்கலாமன்றோ? அதனால் பட்டையைக் கழற்றி அடியில் நோக்கினோம். வேறு துளைகளின் தடயம் இல்லை. திருகாணிகள் தொடக்கம் முதலே இருந்தவை என்பது உறுதியாயிற்று.

மூன்றாவது சான்று, பின்பலகையின் உட்புறத்தில் ஒட்டிய தாள். கரையான் தின்றதுபோக இரண்டு துண்டுகள் எஞ்சியிருந்தன. ஒன்றில் ஆங்கில எழுத்தில் ‘போக்’ என முடியும் ஒரு சொல்லின் கடைப்பகுதி. மற்றொன்றில் ‘சீனா’ என்ற சொல். ஊர்ப்பெயர் இருந்த இடம் முற்றும் அழிந்துவிட்டது. அஃது இருந்திருந்தால் மேலும் ஒரு துப்புக் கிடைத்திருக்கும். சீன ஊர்ப்பெயர்களைப் புதிய ‘பின்யின்’ முறையில் எழுதும் வழக்கத்தைச் சீன அரசு 1979ஆம் ஆண்டு தொடக்கம் முதல் தன் அயல்மொழி வெளியீடுகளில் கைக்கொண்டது. பழைய எழுத்து முறையில் ஊர்ப்பெயர் காணப்பட்டால், அத்தாள் பெரும்பாலும் அதற்கு முற்பட்டது எனக் கருதலாம். இவ்வாறே ஜப்பானியக் கருவியில் ‘ஆட்சிக்குட்பட்ட ஜப்பான்’ என்ற பொறிப்பு இருப்பின், அது போருக்குப் பிந்திய 1947 முதல் 1952 வரையிலான காலத்தைச் சுட்டும். நாட்டின் பெயரும் ஊரின் எழுத்துக் கூட்டலும்கூட வரலாற்றாசிரியனுக்குக் கல்வெட்டுகளே.

நான்காவது சான்றுதான் முடிவு செய்தது. கழுத்தும் உடலும் கூடும் இடத்தில், உட்புறக் கட்டையின்மீது தபால்தலை அளவில் ஒரு கடைச்சீட்டு ஒட்டியிருந்தது. கடையின் பெயர் மங்கிவிட்டது. ‘ஈப்போ, மலேசியா’ என்ற முகவரி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அதன்கீழே பென்சிலால் எழுதிய விலையின் எண்கள் அழிந்து, முன்னிருந்த டாலர் குறி எஞ்சியிருந்தது. மலேசியா என்னும் நாடு உருவானது 1963ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள். நம் நாணயத்துக்கு டாலர் குறி நீங்கி, ‘ஆர்.எம்.’ என்னும் குறி நிலைபெற்றது 1990களில். ஆகவே, 1963க்குப் பின்னும் 1990களுக்கு முன்னும் ஈப்போக் கடையொன்றில் விலைக்கு வைக்கப்பட்ட கருவி இது. 1957க்கு முன் நாடு திரும்பிய துரை இதனைக் கொடுத்திருக்க இயலாது.

காப்போக் என்னும் பெயர்

‘போக்’ என முடியும் அச்சொல் யாது? மலேசியாவில் கித்தார் வாசிப்போர் எவரும் இதற்கு விடை கூறிவிடுவர். அது ‘காப்போக்’. சீனத்தின் குவாங்சௌ நகரில் செய்யப்பட்டு இந்நாட்டுக் கடைகளில் மலிவாக விற்கப்பட்ட கித்தாரின் வணிகப்பெயர் அது. இங்கே அது பரவிய விரிவுக்கு மொழியே சான்று. மின்னிணைப்பு இல்லாத எந்தக் கித்தாரையும், எந்நாட்டில் செய்யப்பட்டதாயினும், ‘கித்தார் காப்போக்’ என்றே மலாய் மக்கள் வழங்குகின்றனர். ஒரு நிறுவனத்தின் சிறப்புப்பெயர் ஓர் இனத்தின் பொதுப்பெயராக மாறுவதற்கு, அப்பொருள் ஏழை எளியவர் கையில் எவ்வளவு பரவியிருக்கவேண்டும் என்பதை மொழியாசிரியர்கள் எளிதில் உணர்வர்.

இப்பெயரைப்பற்றி ஒரு மயக்கமும் உண்டு. காப்போக் என்பது மலாய்மொழியில் இலவம்பஞ்சைக் குறிக்கும் சொல். ஆதலால் இலவமரப் பலகையால் செய்யப்பட்டமையால் கித்தாருக்கு அப்பெயர் வந்தது என்று கூறுவார் உளர். அது பொருந்தாது. இலவமரம் மென்மையும் நொய்மையும் உடையது. கம்பியின் இழுப்பைத் தாங்கவேண்டிய கருவிக்கு ஏற்றதன்று. குவாங்சௌ நகரின் அடையாள மலர் செவ்விலவம்பூ. அந்நகரத்துக் கருவிக்கு அம்மலரின் பெயர் இடப்பட்டது; அவ்வளவே. சீனத்திலும் அக்கித்தாரின் பெயர் செவ்விலவம் என்னும் பொருளுடையதே.

தலையணையில் நாம் அடைக்கும் பஞ்சைத் தரும் மரமும், செந்நிறப் பூப்பூக்கும் முள்ளிலவும் வேறு வேறு மரங்கள், ஆயினும் உறவுடையவை. தழல்போல் மலரும் இலவத்தைச் சங்கப் புலவர்கள் நன்கறிவர். சீனத்து வணிகப்பெயர் மலாய்ச் சொல்லின் வழியே நம்மிடம் வந்து, நம் பழம்பாடல்களின் மரத்தில் போய் நிற்பது வியப்பன்றோ!

இதை நான் எடுத்துரைத்தபோது நண்பர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், “அப்படியானால் நாங்கள் இத்தனை ஆண்டு இலவு காத்த கிளிகள்தாம்” என்றார். சிரித்துக்கொண்டே கூறினாரேனும் அவர் முகம் வாடியிருந்தது. தந்தையின் உழைப்புக்குத் துரை அளித்த சான்றிதழாக அவர் எண்ணியிருந்த பொருள், கடைத்தெருவில் எவரும் வாங்கக்கூடிய மலிவுப் பண்டமாகிவிட்டது.

அத்தை சொன்ன செய்தி

அவ்வமயம் உள்ளறையிலிருந்து நண்பரின் அத்தை வந்தார். மறைந்தவரின் தங்கையாகிய அவர், தோட்டத்தில் பால்வெட்டு வேலை செய்து ஓய்ந்தவர். எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கித்தாரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “துரையாவது, கொடுக்கிறதாவது! அண்ணன் காசு போட்டு வாங்கினதுதான் இது” என்றார்.

செய்தி மெல்ல வெளிவந்தது. தீபாவளி முன்பணத்தோடு, பல மாதம் ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்துச் சேர்த்த காசையும் எடுத்துக்கொண்டு, அண்ணன் இரயிலேறி ஈப்போவுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் கித்தார் இருந்தது. வீட்டிலோ கூரை ஒழுக்கு. தங்கைக்குப் புதுத்துணி வாங்கவில்லை. தாயாரின் வசவுக்கு அஞ்சி, துரை வீட்டுப் பழம்பொருள்களோடு கிடைத்தது என்று ஒரு பொய்யைச் சொன்னார். தங்கைக்கு மட்டும் உண்மை தெரியும். “எனக்குத் துணி வாங்காம வாங்கினாரே என்று முதலில் கோபம். பிறகு, லயன் பிள்ளைகளெல்லாம் சுற்றி உட்கார்ந்து கேட்கும்போது கோபம் போய்விட்டது” என்றார் அத்தை.

தாயார் நம்பிய பொய், பேரப்பிள்ளைகள் காலத்தில் குடும்ப வரலாறாயிற்று. பழம்பொருள் பரிசாயிற்று; பரிசு பாராட்டாயிற்று; யாரோ ஒரு துரை மெர்டேக்காவுக்கு முன்னைய வள்ளலானார். அதற்கு ஈடாக, ஞாயிறு பாராமல் உழைத்துத் தன் காசில் இசையை வாங்கிய ஒரு தொழிலாளி மறைந்துபோனார். கருவியின் உடலிலிருந்த கடைச்சீட்டு ஒன்று அவரை மீட்டுத் தந்தது.

இங்கே வரலாறு கற்பிப்போர் கருதவேண்டிய உண்மை ஒன்று உண்டு. நம் வீடுகளில் உள்ள நல்ல பொருள் எதுவாயினும் அது மேலிடத்திலிருந்து இறங்கி வந்ததாகவே இருக்கவேண்டும் என்று நம்பும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. கையில் காசு குறைந்த மக்கள் அழகுக்காகவும் இசைக்காகவும் தம் காசைச் செலவிட்டிருப்பார்கள் என்று நாம் எண்ணுவதில்லை. செக்ரோல் எழுதிய கை அவ்வாறு எண்ணவில்லை. அவர்கள் பெயரன்மாராகிய நாமும் எண்ணாதிருப்பது முறையோ?

நரம்பா, தந்தியா?

இனி, கம்பி பூட்டும் பணி எஞ்சியிருந்தது. நண்பர் வாங்கிவைத்திருந்தது எஃகுக் கம்பி. கருவியில் தொங்கியவையும் எஃகுக் கம்பிகளே. ஆகவே அதுவே சரி என்று அவர் எண்ணியதில் பிழையில்லை. ஆனால், கருவியின் உடல் வேறு கூறிற்று.

கழுத்தின் மேல்முனையில் அகலம் 52 மில்லிமீட்டர். எஃகுக் கம்பிக் கித்தாரில் அது பெரும்பாலும் 43 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். தலைப்பகுதியில் நீண்ட இரு பள்ளங்களும், அவற்றின் குறுக்கே தடித்த வெண்ணிற உருளைகளும் இருந்தன. கீழே பாலம் எனப்படும் கட்டையில், கம்பியைச் செருகி ஆப்பு வைக்கும் குழிகள் இல்லை; நரம்பை நுழைத்துச் சுற்றி முடிச்சிடும் துளைகளே இருந்தன. கையடக்கக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தபோது, மெல்லிய சட்டங்கள் விசிறிபோல் விரிந்து கிடந்தன. எல்லாம் தோரெஸ் வகுத்த அமைப்பின் எளிய படி. ஆகவே இது நரம்புக் கித்தார். யாரோ அறியாமல் எஃகு பூட்டியிருக்கிறார்கள். அதன் விளைவாகப் பாலத்தின் பின்விளிம்பு பலகையைவிட்டு எழும்பி, ஒரு தாள் நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்தது.

நம் மொழியே இவ்வேறுபாட்டைக் காத்துவருகிறது. விலங்கின் உடலிலிருந்து பெற்று முறுக்கியது நரம்பு. உலோகத்தை இழுத்து நீட்டியது தந்தி. யாழுக்கு நரம்பு, இன்றைய வீணைக்குத் தந்தி. இசைக்கருவிகளை வகுத்த நம் முன்னோர் இவ்வினத்துக்கு நரம்புக்கருவி என்றே பெயரிட்டனர். கித்தாரின் வரலாற்றிலும் அதே பிரிவு நிகழ்ந்தது. இரண்டாம் உலகப்போரின்போது குடல்நரம்பு மருத்துவத் தையலுக்குத் தேவைப்பட்டதால் இசைவாணர்க்குக் கிடைப்பது அரிதாயிற்று. நியூயார்க்கில் வாழ்ந்த ஆல்பர்ட் அகஸ்டீன் என்பவர் நைலான் இழையைக்கொண்டு அக்குறையைப் போக்கினார். புகழ்பெற்ற ஸ்பானியக் கலைஞர் செகோவியா அதனை ஏற்றுக் கொண்டதும் உலகெங்கும் பரவிற்று. இன்றைய நரம்புக் கித்தாரின் நரம்பு நைலானே.

எஃகு பூட்டினால் ஒலி கூடுமே, அதிலென்ன தீங்கு என்று கேட்கலாம். கணக்கு விடை சொல்லும். ஒரு கம்பியின் சுரம் அதன் நீளம், இழுவிசை, எடை ஆகிய மூன்றையும் பொறுத்தது. பிரெஞ்சு அறிஞர் மெர்சேன் 1636இல் வெளியிட்ட இவ்விதிப்படி, ஒரே நீளத்தில் ஒரே சுரத்தைப் பெற, எடை மிகுந்த கம்பியை மிகுதியாக இழுக்கவேண்டும். நைலான் நரம்புகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 40 கிலோ எடை அளவில் பாலத்தை இழுக்கும். எஃகுக் கம்பிகள் ஆறும் சேர்ந்தால் அது 70 கிலோவைத் தொடும். விசிறிச் சட்டங்கள் அதனைத் தாங்குவதற்காக அமைக்கப்பட்டவையல்ல. சில நாளில் முகப்பு புடைக்கும். பின்னர்ப் பாலம் பிடுங்கிக்கொள்ளும். நம் நாட்டின் ஈரக்காற்றில் பசை இளகுவதால் அக்கேடு இன்னும் விரைவில் வரும்.

எனவே முதலில் பாலத்தின் இடைவெளியில் பசையைச் செலுத்தி, இறுக்கியில் பிடித்து ஒரு நாள் முழுவதும் வைத்தோம். முறிந்த முறுக்காணிக்கு மாற்றாகப் புதியதைப் பூட்டினோம். பன்னிரண்டாம் மெட்டுவரை நீளத்தை அளந்தோம், 325 மில்லிமீட்டர். முழு அதிர்வு நீளமாகிய 650 மில்லிமீட்டரில் சரிபாதி. மெட்டுகள் இடம் பிறழவில்லை என்பதற்கு அதுவே உறுதி. அதன்பின் நைலான் நரம்புகளைத் தடித்ததிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பாலத்தில் முடிந்து, மேலே உருளையில் சுற்றினோம். உடனே முழுச் சுருதிக்கு ஏற்றாமல், சிறிது சிறிதாக முறுக்கினோம். புது நைலான் நீண்டுகொண்டே போகும். சுருதி இறங்கிக்கொண்டே வரும். மூன்று நாள் மாலைதோறும் முறுக்கியபின்தான் அது நிலைத்தது. பொறுமை இல்லாதவர்க்கு நரம்பு வசப்படாது.

முடிவுரை

நான்காம் நாள் நண்பரின் மகன் கித்தாரை மடியில் வைத்து மீட்டினான். எஃகுக் கம்பியின் கூர்மை அதில் இல்லை. தணிந்த, இனிய ஒலி. ஒட்டுப்பலகைக் கருவியிலிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பது முறையன்று. ஆனால் அத்தை கண்களை மூடிக்கொண்டு, “அண்ணன் வாசிச்சது இப்படித்தான் கேட்கும்” என்றார். எஃகு பூட்டிய கை எவருடையது என்பது தெரியவில்லை. அவர் கை அன்று என்பது மட்டும் அப்பொழுது தெளிவாயிற்று.

கடைச்சீட்டை நாங்கள் அகற்றவில்லை. கரையான் தின்ற தாளையும் துடைத்தெடுக்கவில்லை. இரண்டின்மீதும் தூசி படாமல் மெல்லிய தாள் ஒன்றை மூடிவைத்தோம். பழையதைப் புதியதாக்கும் ஆர்வத்தில் சான்றுகளை அழித்துவிடக்கூடாது.

ஆசிரியர்களும் மாணவர்களும் ஒன்று செய்யலாம். உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பொருள் ஏதேனும் இருக்கும். அது ஓர் ஆர்மோனியமாகவோ உறுமியாகவோ, வானொலிப் பெட்டியாகவோ இருக்கலாம். அதன் அடியையும் உட்புறத்தையும் நோக்குங்கள். ஒட்டியுள்ள சீட்டையும் எழுதியுள்ள குறியையும் படியெடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின், அதனை வாங்கிய நாளை அறிந்த பாட்டியையோ அத்தையையோ அருகில் அமர்த்திக் கேளுங்கள். இவ்விரண்டில் ஒன்று மட்டும் போதாது. சீட்டு, துரையின் கதையைப் பொய்யாக்கிற்று; ஆனால் வாங்கியவர் யாரென்று அதற்குச் சொல்லத் தெரியவில்லை. அதைச் சொன்னவர் அத்தை.

விலை மதிப்பீட்டில் அக்கித்தார் இன்று சில வெள்ளிகளே பெறும். நண்பர் இப்பொழுது அதனைத் துரையின் கித்தார் என்று சொல்வதில்லை. வருபவர்களிடம், “என் தந்தையார் ஈப்போவில் வாங்கியது” என்கிறார்.